வெயிலோ, நோயோ?

சித்திரை வெயிலில் வேலூரும் வாணியம்பாடியும் காயும் நாள்களில், சவ்வாது மலைமேல் அமைந்த காவலூரில் காற்றுச் சற்றுத் தணிந்து வீசும். ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூர், விண்மீன்களை ஆராயும் தொலைநோக்கிகளால் பெயர் பெற்றது. மலைக்காற்றை நம்பி, வீட்டுக் கிளிக்கு வெப்பத்தால் தீங்கு வாராது என்று இருந்துவிடலாகாது. தகரக் கூரையின்கீழ்க் காற்றுப் புகாத மூலையில் தொங்கும் கூண்டிற்கு மலையும் ஒன்றே; சமவெளியும் ஒன்றே.

ஈண்டுக் கிளி என்றது பச்சைக்கிளியை அன்று. நம் காட்டுக் கிளிகளைப் பிடித்து அடைத்தலை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, தடுப்பதும் முறையே. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் என்னும் சிறு கிளியே இங்குக் கூறப்படுவது. 1840ஆம் ஆண்டில் ஜான் கூல்டு என்ற பறவையியல் அறிஞர் இதனை உயிருடன் இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். பின்னர் இது பல நாடுகளிலும் பரவிற்று. நம் கடைகளில் இதனை ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பர். அப்பெயருக்கு உரிய பறவை ஆப்பிரிக்காவைச் சார்ந்தது; இஃது அதுவன்று.

வறண்ட நிலத்துப் பறவையை வெயில் என் செய்யும் என்று சிலர் வினவக்கூடும். 1932ஆம் ஆண்டுக் கோடையில் தென் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் கொடிய வெப்பம் வீசியபோது, பட்ஜரிகர்கள் பெருந்திரளாக மடிந்தன. விரும்பிய இடத்திற்குப் பறக்கவல்ல பறவைக்கே அந்நிலை எனின், நிழல் தேடிச் செல்ல இயலாத கூண்டுப் பறவையின் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

பறவைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வெப்பம் மிகும்பொழுது அது வாய் திறந்து இளைக்கும். மூச்சோடு வெளியேறும் ஈரமே உடலைக் குளிர்விக்கும். அவ்வேளையில் இறகுகளை உடலோடு ஒட்ட அமுக்கி, சிறகுகளை மட்டும் பக்கங்களில் விலக்கிப் பிடிக்கும். அதனால் கிளி வழக்கத்தினும் மெலிந்து தோன்றும். கால் தள்ளாடிக் கூண்டின் அடியில் விழுமாயின் நிலை முற்றிவிட்டது என்று அறிதல் வேண்டும்.

நோயுற்ற கிளியின் தோற்றமோ இதற்கு நேர்மாறானது. அது குளிரால் நடுங்குவது போல இறகுகளை உப்பிக்கொண்டு, பகலிலும் கண் மூடிக் கிடக்கும். நலமுள்ள கிளி ஒற்றைக் காலில் நின்று உறங்கும். நலிந்தது பெரும்பாலும் இரு கால்களையும் ஊன்றி அமரும். ஒவ்வொரு மூச்சிற்கும் வால் ஏறி இறங்குமாயின் மூச்சுறுப்புகளில் கேடு உண்டு. குளிர்ந்த விடியற்காலையில் வாய் திறந்து மூச்சு விடும் கிளிக்கு வெயிலைக் காரணம் காட்டுதல் பேதைமை.

இரண்டையும் பிரித்தறிதல் ஏன் இன்றியமையாதது? வெப்பத்தால் வாடிய கிளிக்கு வேண்டுவது நிழலும் காற்றும் குளிர்நீரும். நோயுற்றதற்கு வேண்டுவது கதகதப்பு. உப்பிய இறகுடன் நடுங்கும் கிளியின்மேல் இரக்கத்தால் நீர் தெளித்தவர் அதனைக் கொல்லவும் கூடும். வெயிலால் இளைப்பதை நிழலுக்கு மாற்றி, அருகே நீர் வைத்து, கால்களை மெல்ல நனைத்தால், சிறிது நேரத்தில் இளைப்பு அடங்கும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துதலும் அலகினுள் நீர் ஊற்றுதலும் தகா. நோயுற்றதன் கூண்டை மூன்று பக்கமும் துணியால் மூடி, வெளியே ஒருபுறம் மின்விளக்கு வைக்கலாம். துணி விளக்கைத் தொடலாகாது. சூடு மிகின் கிளி விலகியமர மறுபுறம் இடமும் வேண்டும்.

நெற்றியின் வரிகள் அலகுவரை இறங்கியிருப்பின் அஃது இளங்கிளி. மூன்று நான்கு திங்களில் முதல் இறகு உதிர்ந்தபின் அவ்வரிகள் பெரும்பாலும் மறையும். முழு வளர்ச்சியுற்றதே முப்பது நாற்பது கிராம்தான் இருக்கும். இளங்கிளியோ ஒருநாள் உண்ணாவிடினும் சோர்ந்துவிடும். இதில் ஒரு மயக்கமும் உண்டு. சவ்வாது மலையில் விளையும் சாமையைக் கிண்ணத்தில் இட்டால், கிளி உமியை நீக்கி அரிசியை மட்டும் தின்னும். உமி மேலே குவிந்து கிடக்க, கிண்ணம் நிறைந்திருப்பதாக வீட்டார் எண்ணுவர்; கிளியோ பட்டினி கிடக்கும். நாள்தோறும் உமியை ஊதிப் பார்த்தல் வேண்டும். நோயுற்ற கிளி தானியத்தைக் கொறித்துக் கொறித்து விழுங்காமல் உதிர்ப்பதும் உண்டு. கையில் மெல்லப் பிடித்துத் தடவும்பொழுது மார்பெலும்பு கத்திமுனை போல உறுத்துமாயின் அஃது இளைத்துவிட்டது.

காட்டில் நலிந்த பறவையையே வல்லூறு குறிவைக்கும். ஆதலின் நோயை மறைத்தல் இவ்வினத்தின் இயல்பு. வெளியே தெரியும்பொழுது நோய் பல நாள் முதிர்ந்திருக்கும். நாளைப் பார்ப்போம் என்று தள்ளாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லல் வேண்டும். காவலூரிலிருந்து ஆலங்காயத்திற்கு இறங்குவோர் வெயில் ஏறுமுன் விடியலிலேயே புறப்படுதல் நன்று. கூண்டின் அடியில் விரித்த தாளை எச்சத்தோடு மடித்து எடுத்துச் செல்க. மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும்.