தீம் பார்க் சாப்பாட்டுக் கூப்பனும் இரட்டைக் குவளையும்

தோழர்களே, இந்த முறை போராட்டம், வழக்கு, ஆர்ப்பாட்டம் எதைப் பற்றியும் எழுதவில்லை. ஒரு சாப்பாட்டுக் கூப்பனைப் பற்றி எழுதுகிறோம். ஒரு கூப்பனை வாங்குவதா வேண்டாமா என்று மூன்று இரவுகள் உட்கார்ந்து பேசியிருக்கிறோம் என்றால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அபிராமம் பக்கத்தில் எங்கள் காலனியில் நாங்கள் ஆறு பேர் ஒரு இரவுப் பாடசாலை நடத்துகிறோம். 38 பிள்ளைகள் படிக்கிறார்கள். பெற்றோர்களில் பாதிப்பேர் சீமைக் கருவேலம் வெட்டி மூட்டம் போடுகிறவர்கள். மீதிப்பேர் மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலிக்குப் போகிறவர்கள். முழுப்பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று போன வருடமே சொல்லியிருந்தோம். "எங்க போகலாம்?" என்று கேட்டோம். கடல் வேண்டாம், கோவில் வேண்டாம், ராட்டினம் இருக்கிற தண்ணி பார்க் வேண்டும் என்று ஒரே குரலில் சொன்னார்கள். மதுரைப் பக்கம் இருக்கும் ஒரு பூங்கா என்று முடிவானது.

கணக்கைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வீடு வசூலித்ததும், திருப்பூரில் வேலை பார்க்கும் நம் பையன்கள் அனுப்பியதும் சேர்த்து 42,000 ரூபாய். பஸ் வாடகை 14,000. நுழைவுச்சீட்டு மாணவர்களுக்கு 450 வீதம் 17,100. பெரியவர்கள் ஆறு பேருக்கு 650 வீதம் 3,900. ஆக 35,000 போய்விட்டது. கையில் மிச்சம் 7,000.

அப்போதுதான் பூங்காவின் "மீல் பிளான்" கண்ணில் பட்டது. தலைக்கு 310 ரூபாய். மதியச் சாப்பாடு, சாயங்காலச் சிற்றுண்டி, ஒரு ஐஸ்கிரீம், ஒரு தண்ணீர் பாட்டில். 44 பேருக்கு 13,640 ரூபாய். எங்களுக்கு 6,640 ரூபாய் துண்டு விழுகிறது. ஒரு தோழர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஒம்பது பிள்ளைகள விட்டுட்டுப் போனா சரியா வரும்." யாரும் பதில் சொல்லவில்லை. அவரே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.

சரி, வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு போகலாம் என்றால், வெளி உணவுக்கு அனுமதி இல்லை. பெரும்பாலான பூங்காக்களில் இதுதான் விதி. வெளியே வந்து சாப்பிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இது சட்டப்படி செல்லுமா என்று எங்களில் சட்டம் படிக்கும் தம்பியிடம் கேட்டோம். சினிமா தியேட்டர் வழக்கொன்றில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துக் காட்டினான். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர் உரிமையாளருக்கு உரிமை உண்டு. ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது. அது தியேட்டரைப் பற்றிய தீர்ப்பு. ஆனாலும் பூங்கா வாசலில் நின்று சோற்றுக்காக வழக்குப் பேசி ஜெயிக்க முடியாது என்பது புரிந்தது.

இரண்டாவது நாள் இரவு எங்களில் ஒருவர் நடைமுறையான யோசனை ஒன்றை வைத்தார். 310 ரூபாய் கொடுக்க முடிந்த பெற்றோர் பதினான்கு பேராவது இருப்பார்கள். அவர்களிடம் வாங்கி அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் பிளான் எடுப்போம். மற்ற பிள்ளைகளுக்குக் கையில் இருக்கும் காசில் உள்ளேயே ஏதாவது ஒரு கலவைச் சாதம் வாங்கிக் கொடுப்போம். பிளான் எடுத்தவர்களுக்குக் கையில் ஆரஞ்சு நிற பேண்ட் மாட்டுவார்களாம், மற்றவர்களுக்கு நீலம். குழப்பமே வராது என்றார்.

பேத்தியைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு அப்பத்தா வாசல்படியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, அப்ப நீங்களே ரெண்டு கிளாசு வைக்கப் போறீகளா?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு அன்றைய கூட்டம் நடக்கவில்லை. அந்த அப்பத்தா இளவயதில் தேங்காய்ச் சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்தவர். கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றுவாராம், சூடு கையில் தெறிக்குமாம். பிறகு சிரட்டை போய்த் தனிக் கிளாஸ் வந்தது. சம மரியாதை கேட்டதற்காக இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட மண் இது. அந்த மண்ணில் இருந்துகொண்டு நம் பிள்ளைகளில் யாருக்கு ஆரஞ்சு, யாருக்கு நீலம் என்று நாமே பட்டியல் போட உட்கார்ந்திருந்தோம். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வசதிக்காகத்தான். தனிக் கிளாஸ் வைத்தவர்களும் "ஒரு வசதிக்காகத்தான்" என்றுதானே சொன்னார்கள்?

நம் மக்களுக்குச் சுற்றுலா என்பது எப்போதுமே சோறும் தண்ணீரும் சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் இருந்திருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கை அனுபவங்களைச் சொல்லும் "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்ற சிறு நூலில் இரண்டு பயணங்கள் வருகின்றன. முதலாவது 1901-ல். சிறுவர்களாகத் தந்தையைப் பார்க்கப் போகிறார்கள். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது, ஆனால் வழியில் ஒருவரும் தண்ணீர் தரவில்லை. சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பசியோடு படுத்துத் தூங்குகிறார்கள். இரண்டாவது 1934-ல். இயக்கத் தோழர்கள் சுமார் முப்பது பேர் அவரோடு ஊர் சுற்றிப்பார்க்கப் போகிறார்கள். தௌலதாபாத் கோட்டை வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவியதற்காகக் கூட்டம் கூடி வசைபாடுகிறது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, கூடவே ஆயுதம் தாங்கிய ஒரு காவலாளியை அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விடுகிறார்கள். அவர் அப்போதே நாடறிந்த தலைவர், வட்டமேசை மாநாட்டுக்குப் போய் வந்தவர். ஒரு நாள் உல்லாசப் பயணத்தில் அதெல்லாம் ஒன்றும் உதவவில்லை.

எங்களுக்குள் இன்னொரு குரலும் இருந்தது. "தீம் பார்க்கெல்லாம் நமக்கு எதுக்கு? அந்த 42,000-ல புத்தகம் வாங்கலாமே" என்றார் ஒரு தோழர். நியாயமான கேள்விதான். அவருக்கு நாங்கள் மார்ட்டின் லூதர் கிங்கை நினைவூட்டினோம். 1963 ஏப்ரலில் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்துப் பூங்காவுக்குப் போக ஆசைப்பட்ட தன் ஆறு வயது மகளைப் பற்றிச் சொல்கிறார். "ஃபன்டவுன்" கறுப்பினக் குழந்தைகளுக்கு இல்லை என்று அவளிடம் விளக்கத் தடுமாறியதை எழுதுகிறார். உரிமைப் போராட்டத்தின் உச்சத்தில் இருந்த மனிதருக்கு ஒரு ராட்டினம் அற்ப விஷயமாகத் தெரியவில்லை. அதே ஆண்டு ஜூலை 4 அன்று பால்டிமோர் பக்கத்தில் க்வின் ஓக் பூங்கா வாசலில் நடந்த மறியலில் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஆகஸ்ட் 28 அன்று அந்தப் பூங்கா எல்லோருக்கும் திறந்தது. வாஷிங்டன் பேரணியில் கிங் பேசிய அதே நாள். அன்று 11 மாதக் கறுப்பினக் குழந்தை ஒன்று அந்தப் பூங்காவின் குதிரை ராட்டினத்தில் ஏறியது.

நம் அரசியல் சாசனத்துக்கும் இது அற்ப விஷயமாகத் தெரியவில்லை. பிரிவு 15(2)-ஐ எடுத்துப் படியுங்கள். சாதியின் பெயரால் எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொதுப் பொழுதுபோக்கு இடங்கள் ஆகியவற்றில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. உணவகமும் பொழுதுபோக்கும் ஒரே வரியில் இருக்கின்றன. 1955-ல் வந்த, இப்போது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப்படும் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒரு படி மேலே போய், பொது உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம் என்கிறது. தட்டும் டம்ளரும் சட்டத்தில் இடம்பிடித்த நாடு இது. ஆகவே பிள்ளைகள் ராட்டினமும் ஏற வேண்டும், எல்லோரும் சாப்பிடும் கூடத்தில் உட்கார்ந்தும் சாப்பிட வேண்டும். புத்தகமும் வாங்குவோம், ஆனால் இந்தக் காசில் இல்லை.

மூன்றாவது இரவு ஒரே ஒரு தீர்மானம் போட்டோம்: வாங்கினால் நாற்பத்து நான்கு பேருக்கும், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த 310 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தோம். தனித்தனியாக வாங்கினால் சாப்பாடு 190, சிற்றுண்டி 60, ஐஸ்கிரீம் 50, தண்ணீர் 20. மொத்தம் 320. பிளான் எடுத்தால் மிச்சமாவது பத்தே ரூபாய்! அதுவும் நான்கையும் முழுசாகச் சாப்பிட்டால்தான். தண்ணீர் விளையாட்டை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை நாலு மணிக்குப் பஜ்ஜிக்கு வரிசையில் நிற்கும்? குடிதண்ணீர்க் குழாய் உள்ளே இருக்கிறதா என்று போன் செய்து கேட்டோம், இருக்கிறது என்றார்கள். அப்படியானால் எங்களுக்கு வேண்டியது மதியச் சாப்பாடு மட்டும். நாற்பது பேருக்கு மேல், வார நாள், முன்பணம் தருகிறோம் என்று பேசியதில் 190 ரூபாய்ச் சாப்பாட்டை 160-க்குக் கொடுக்கச் சம்மதித்தார்கள். 44 பேருக்கு 7,040 ரூபாய். எங்களிடம் 7,000. அந்த 40 ரூபாயை யார் போட்டார் என்று கணக்கு நோட்டில் எழுதவில்லை.

பயணத்தன்று காலை ஆறு மணிக்குக் கிளம்பி, பார்த்திபனூர் தாண்டி ஒரு மரத்தடியில் நிறுத்தினோம். வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்பிய இட்லியையும் புளிச்சோற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பகிர்ந்து சாப்பிட்டோம். கட்டுச்சோறு கேவலம் என்று நாங்கள் நினைக்கவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியிருந்தது. கடையில் விடமாட்டார்கள் என்ற பயத்தில் கட்டிக்கொண்டு போவது வேறு, ஆசையாகக் கட்டிக்கொண்டு போவது வேறு.

மதியம் பெரிய கூடம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள். எங்கள் பிள்ளைகள் வரிசையில் நின்று, தட்டை எடுத்து, வேண்டியதைக் கேட்டு வாங்கினார்கள். நீங்கள் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. "கறி இல்லையாண்ணே?" என்று சிலர் முகம் சுருங்கியது உண்மை. கோழிக்குத் தனிக் காசு, அது எங்களிடம் இல்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பாடசாலையிலேயே கோழிக்குழம்பு வைத்துக் கடனைத் தீர்த்தோம்.

சாப்பிட்டு முடித்ததும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனைக் காணவில்லை. தேடினால், எச்சில் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குழாயடியைத் தேடி அலைந்துகொண்டிருந்தான். "அங்க தொட்டியில போட்டுட்டு வாடா" என்றதற்கு, "நாம சாப்பிட்டத நாமதானண்ணே கழுவி வைக்கணும்?" என்றான். தாத்தாவோடு அவன் போகும் ஒரு டீக்கடையில் அப்படித்தான் பழக்கமாம். எந்த ஊர்க் கடை என்பது எங்களுக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை, அதற்கு வேறு வேலை நடந்துகொண்டிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை யாரும் பாடமாக நடத்தவில்லை. தாத்தாவின் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறான். 160 ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்று எங்களைக் கேட்டால், அந்தத் தட்டை அவன் கழுவாமல் தொட்டியில் போட்ட அந்த ஒரு நிமிடம் கிடைத்தது என்போம்.

ஆனால் அதோடு முடியவில்லை. தட்டை வாங்கிய அம்மா, "போட்டுட்டுப் போ சாமி, அது என் வேல" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அங்க தட்டு எடுத்தவங்க எல்லாம் யாருக்கா? நம்ம ஆளுங்களா?" எங்களிடம் பதில் இல்லை, நாங்கள் விசாரிக்கவில்லை. யார் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதில் இருந்த கவனம் யார் கழுவுகிறார்கள் என்பதில் இல்லாமல் போய்விட்டது. அடுத்த முறை அவர்களோடும் பேசிவிட்டு வர வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறோம்.

நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிப்போகத் திட்டமிட்டால், எங்கள் அனுபவத்திலிருந்து சில விஷயங்கள். பிளானின் மொத்த விலையைப் பார்க்காதீர்கள், பிரித்துப் பாருங்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை செல்லும், வரி சேர்த்தா சேர்க்காமலா, இரண்டாம் முறை சோறு வாங்கலாமா, குடிதண்ணீர் எங்கே என்று முன்கூட்டியே கேளுங்கள். குழுவாகப் போனால் பேரம் பேசத் தயங்காதீர்கள். இவையெல்லாம் யாரும் சொல்லக்கூடியவை. எங்கள் சார்பில் சேர்ப்பது ஒன்றுதான்: உங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு நிற பேண்ட் மாட்டவைக்கும் பிளான் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். காசு பற்றவில்லையென்றால் ஒரு மாதம் தள்ளிப்போங்கள். பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

ஜெய்பீம்.