மொட்டை டயரும் அடைமழையும்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்துவிட்டால் நம் இல்லங்களில் குடையைத் தேடுகிறோம். மழைக்கோட்டைத் தூசு தட்டுகிறோம். பிள்ளைகளின் புத்தகப் பைக்குப் பாலித்தீன் உறை வாங்குகிறோம். ஆனால் அந்தப் பிள்ளைகளைச் சுமந்து செல்லும் ஸ்கூட்டரின் டயரைக் குனிந்து பார்ப்பவர் எத்தனை பேர்? வாசகர்களே, நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

மயிலாப்பூர்க் கச்சேரி சாலைப் பக்கம் மாலைநேர மதரஸா ஒன்றில் பாடம் நடத்துபவன் நான். வகுப்பு முடியும் வேளையில் வாசலில் இருபது, முப்பது வண்டிகள் நிற்கும். ராயப்பேட்டையிலிருந்தும் மந்தைவெளியிலிருந்தும், அடையாற்றிலிருந்தும்கூடப் பெற்றோர் வருவார்கள். முன்னால் நின்றபடி ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, பின்னால் கைக்குழந்தையுடன் தாய் என்று ஒரு குடும்பமே ஒரு வண்டியில் ஏறிக்கொள்ளும். அப்படிச் சென்ற ஒரு வண்டி, மழை தூறிய ஒரு மாலையில், சாலையில் விரித்திருந்த இரும்புத் தகட்டின்மேல் வழுக்கி விழுந்தது. என் மாணவன், 8 வயதுச் சிறுவன், இடக்கையில் மாவுக்கட்டுடன் ஆறு வாரம் ஓத வந்தான். வண்டி வேகமாகச் செல்லவில்லை. பிரேக்கில் பழுதில்லை. பின் டயர் மட்டும் மொட்டையாக இருந்தது.

அன்றுமுதல் வாசலில் நிற்கும் வண்டிகளின் டயர்களைக் குனிந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. "என்ன ஹஜ்ரத், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள்.

வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்று, அரபு எழுத்துகளைக் கற்றுக்கொடுக்கும் ஒருவனுக்கு ரப்பரைப் பற்றி என்ன தெரியும் என்ற வினா எழலாம். பாதி, தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் நண்பர் சொல்லித் தெரிந்துகொண்டது. மீதியைக் கற்றுத் தந்தது ஒரு பொம்மை லாரி.

என் தங்கை குடும்பத்தார் கனடாவில், டொரண்டோ நகரில் வாழ்கின்றனர். விடுமுறைக்கு வந்த 12 வயது மருமகன், ரிமோட்டில் ஓடும் லாரி ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதற்கு இரண்டு ஜோடி டயர்கள். ஒன்றில் ஊசி ஊசியாக இரும்பு முட்கள். உறைந்த பனிக்கட்டியைக் குத்திப் பிடிப்பதற்காம். மற்றொன்று அகலமானது, பஞ்சுபோல் மெத்தென்றது. மேலெங்கும் மெல்லிய கீறல்கள். முதலில் முள் டயரை மாட்டி எலியட்ஸ் கடற்கரைக்குக் கொண்டுபோனான். உலர்ந்த மணலில் சக்கரம் சுழலச் சுழலக் குழி பறித்து அச்சுவரை புதைந்துவிட்டது. மறுநாள் மழையில் நனைந்த மொட்டைமாடித் தளத்தில் ஓட்டினான். முட்களின் நுனி மட்டுமே தரையைத் தொட்டதால் லாரி சுழன்று சுழன்று கைப்பிடிச் சுவரில் மோதியது. மெத்தென்ற டயரோ இரண்டு இடங்களிலும் ஒருவாறு தாக்குப்பிடித்தது. "மாமா, ஐஸுக்கு வேற, மணலுக்கு வேற, மழைக்கு வேற" என்றான் அவன், எனக்கே பாடம் நடத்துபவனைப்போல.

அந்நாட்டில் இது விளையாட்டுச் செய்தியன்று. கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்காலத்துக்கென்று தனி டயர் மாட்டாமல் கார் ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை. இப்போது அந்தக் காலம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை. வெப்பம் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது என்பதே காரணம்.

பொம்மைக்கும் டயருக்கும் நம் ஊரில் ஒரு பழைய உறவும் உண்டு. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியவர் மாம்மன் மாப்பிள்ளை. அதுதான் பின்னர் எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமாக வளர்ந்தது.

சென்னையில் உறைபனி இல்லை. நமக்கு வாய்த்திருப்பது வடகிழக்குப் பருவமழை. ஆண்டுக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நகரை முழுக்காட்டியதையும் யாரும் மறந்திருக்கமாட்டோம். ஏனைய மாதங்களில் சாலை பெரும்பாலும் உலர்ந்தே கிடக்கிறது. ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. உலர்ந்த தாரில் மொட்டை டயர் நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்களுக்கு வழவழப்பான டயரையே மாட்டுகிறார்கள். அதனால் ஒன்பது மாதம் தொல்லை தராத டயர், பத்தாம் மாதம் காலை வாரிவிடுகிறது. தரையோடு ஒட்டும் பகுதி நம் உள்ளங்கையளவுதான். அந்த உள்ளங்கைக்கு அடியில் நீர் புகுந்தால் வெளியேற வழி வேண்டும். அந்த வழிதான் டயரிலுள்ள பள்ளங்கள்.

இரு சக்கர வண்டியின் டயர்ப் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்கின்றன மத்திய மோட்டார் வாகன விதிகள். அளவுகோல் தேவையில்லை. பள்ளத்தின் அடியில் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. உண்மையில் மழைக்காலத்துக்கு அதுவரை காத்திருப்பதே தவறு என்பது என் கருத்து.

பள்ளம் மட்டும் போதுமா? போதாது. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் முதல் மழை விழும்போது, பல வாரங்களாகப் படிந்த எண்ணெயும் புழுதியும் குழைந்து வழுக்குப் பசையாகிவிடுகின்றன. வெள்ளைக் கோடுகளும் சாக்கடை மூடிகளும் இரும்புத் தகடுகளும் அதைவிடக் கொடியவை. அங்கே பள்ளத்தைவிட ரப்பரின் மென்மையே காக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிப்போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பார்கள். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். புது டயர்தானே என்று கடைக்காரர் நீட்டுவதை வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

எண்களைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. பல ஸ்கூட்டர்களின் டயரில் 90/100-10 என்ற அளவுக்குப் பின் 53 என்றிருக்கும். அந்த டயர் 206 கிலோவரை தாங்கும் என்பதற்கான குறியீடு அது. வண்டியின் எடையில் பின்சக்கரத்தின் பங்கையும், தாய் தந்தை, இரண்டு பிள்ளைகள், புத்தகப் பைகளையும் கூட்டிப் பாருங்கள்.

இளைஞர்கள் சிலர் மழைக்கு நல்லதென்று எண்ணிப் பட்டன் டயர் மாட்டுகிறார்கள். சேற்றுக்கும் காட்டுப் பாதைக்கும் உரியது அது. நனைந்த தாரில் பட்டன்களின் தலை மட்டுமே படுவதால் பிடிப்பு குறையும். மருமகனின் முள் லாரி மாடியில் சுழன்றது இதனால்தான். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பதும் மணலுக்குப் பொருந்தும் பேச்சு. நீர் நின்ற தார்ச்சாலையில் காற்றுக் குறைந்த டயரின் பள்ளங்கள் நெருங்கி, நீருக்கு வழி அடைபடுகிறது. நிறுவனம் குறித்த அளவே சரி.

மிகவும் அஞ்சவேண்டியது, தேய்ந்த டயரில் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டிக் கறுப்புச் சாயம் பூசி விற்பதற்கு. பார்வைக்குப் புதியது, உள்ளே நூலிழை வெளிவரும் அளவுக்கு ரப்பர் மெலிந்திருக்கும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதே அதை ஐயுறப் போதுமான காரணம். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு எடுக்கும் ஓரிரு உடைகளின் விலைதான் ஒரு நல்ல ஸ்கூட்டர் டயர்.

வாங்கிய டயரை மாட்டும்போது அருகில் நில்லுங்கள். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுழலும் திசையை நோக்க வேண்டும். இல்லையேல் பள்ளங்கள் நீரை ஒழுங்காக வெளியே தள்ளா. புது டயரின் மேல்தோலில் வழவழப்பு இருக்கும். முதல் நூறு கிலோமீட்டராவது திருப்பங்களில் வண்டியைச் சாய்க்காமல், திடீரென்று பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். இதை மழை வலுக்குமுன், புரட்டாசியிலேயே செய்துவிட்டால் நல்லது.