ஒரே கொட்டிலில் இரு பருவங்கள்

திருச்சிராப்பள்ளி வெயிலுக்குப் பெயர்பெற்ற ஊர். சித்திரை மாதத்து நண்பகலில் மலைக்கோட்டைப் பக்கம் வெறுங்காலுடன் நடந்தவர் எவரும், இவ்வூரில் குளிரால் உயிர் போகும் என்றால் நம்பமாட்டார். மார்கழி விடியலில் ஸ்ரீரங்கத்து அம்மாமண்டபம் படித்துறையில் நீராடுவோர் சற்றே நடுங்குவதுண்டு. தலையைத் துவட்டியதும் அந்நடுக்கம் தீர்ந்துவிடும். அவ்வேளையில் இங்கு வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். நமக்கு அது இதமான குளிர். ஆனால் அதே இரவில், வெண்பன்றி வளர்த்துப் பிழைக்கும் ஓர் எளிய குடும்பத்தின் கொட்டிலில் பிறந்த குட்டிகளுள் சில விடிவதற்குள் விறைத்துப்போகக்கூடும்.

பிறந்த பன்றிக்குட்டியின் எடை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோதான். உடலெங்கும் ஈரம், போர்த்திக்கொள்ள அடர்ந்த மயிரில்லை, தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. மனிதக் குழந்தை வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்புடன் பிறக்கிறது. அக்கொழுப்பைக் கொண்டு வெப்பம் உண்டாக்கும் மரபணு, பன்றியின் மூதாதையரிடம் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பே செயலிழந்துவிட்டதாகச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காட்டுப்பன்றி ஈனுவதற்கு முன் புல்லும் சருகும் சேர்த்துக் கூடு அமைப்பதன் பொருள் இப்போது விளங்குகிறதன்றோ? சிமெண்டுத் தரையில் அடைபட்ட தாய்ப்பன்றியும் அந்நாளில் தரையைக் கீறிப் பார்க்கிறது. சேர்ப்பதற்குத்தான் அங்கே ஒன்றுமில்லை.

குட்டிக்கு முதல் நாட்களில் 32 முதல் 35 டிகிரி வெப்பம் வேண்டும். தாய்க்கோ 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியே சுகம். வியர்த்து ஆறும் வழி அதற்கு இல்லாததால், கொட்டில் முழுவதையும் சூடாக்கினால் தாய் தவித்துப் பாலைக் குறைக்கும். சூடாக்காமல் விட்டாலோ, குட்டிகள் வெப்பம் தேடித் தாயின் விலாவை ஒட்டிப் படுத்து, அது புரளும்போது நசுங்கும். அல்லது சோர்ந்து சீம்பால் குடிக்க வலுவிழக்கும். நசுங்கியது என்றும் நோய் என்றும் நாம் கணக்கெழுதும் இறப்புகள் பலவற்றின் பின்னே குளிர் ஒளிந்திருக்கிறது.

ஆகவே ஒரே கொட்டிலில் இரு பருவங்கள் வேண்டும். மூலையில் பலகையால் ஒரு தடுப்பு. குட்டி நுழையவும் தாய் நுழைய இயலாமலும் ஒரு சிறு வழி. உள்ளே உலர்ந்த வைக்கோல் மெத்தை. மேலே கம்பிக்கூண்டிட்ட ஒரு மின்விளக்கு. வைக்கோலுக்குக் காவிரிக் கரையில் பஞ்சமில்லை. நனைந்த வைக்கோல் உடல் வெப்பத்தை உறிஞ்சுமாதலால் அதை நாள்தோறும் மாற்றவேண்டும். விளக்கு அறுந்து விழுந்தால் தீப்பிடிக்கும். எனவே உறுதியான சங்கிலியில் தொங்கவிடவேண்டும். மின்சாரம் நின்ற இரவில் தடுப்பின்மேல் சாக்கு போர்த்தினால் உள்ளிருக்கும் சூடு சிறிது நேரமாவது தங்கும்.

வெப்பம் போதுமா என்பதைக் குட்டிகளே சொல்லிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்திருந்தால் குளிர்கிறது. விளக்கை விட்டு ஓரங்களுக்கு ஒதுங்கினால் சூடு மிகுதி. பக்கம் பக்கமாய்க் கால் நீட்டி உறங்கினால் வெப்பம் அளவாயிருக்கிறது. இவற்றைக் கற்க விரும்புவோர் அணுகக்கூடிய இடமும் நம் அருகிலேயே உண்டு. 1989ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் திருச்சி கொட்டப்பட்டில் உள்ளது.

நின்றுகொண்டிருப்பவனின் தோலுக்கு இதமாயிருப்பது தரையில் கிடக்கும் உயிருக்கும் இதமாயிருக்கும் என்று எண்ணிவிடுவது நம் இயல்பு. பிறருக்கு எவ்வளவு போதும் என்பதை நம் உடலைக் கொண்டே அளந்துவிடுகிறோம். கொட்டிலுக்குள் குனிந்து, குட்டி படுக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பவருக்கே உண்மை தெரியும். குட்டிகளை விற்றுப் பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்டும் குடும்பத்திற்கு, ஒரு மார்கழி இரவில் மூன்று குட்டிகள் பிழைப்பது சிறிய காரியமா?