புரூக்ளின் உள்களம், ஏப்ரல் 1947

பருவம் தொடங்குவதற்கு முன்பே ஓர் அணியை எடைபோட்டுப் பார்ப்பது பேஸ்பால் உலகின் பழைய வழக்கம். மார்ச் மாதத்தில் பயிற்சி முகாம்கள் நடக்கும். எந்த இடத்துக்கு யார் தகுதியானவர் என்று நாளிதழ்கள் கணக்குப் போடும். ஏப்ரலில் ஆட்டம் தொடங்கியதும் அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவை மறந்துபோகும். 1947ஆம் ஆண்டு புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் உள்களத்தைப் பற்றிய கணக்கு அப்படி மறக்கப்படவில்லை. தகுதி என்று எதைச் சொல்கிறோம், அதை யாரிடம் எத்தனை முறை கேட்கிறோம் என்ற கேள்வியை அது இன்றும் எழுப்பிக்கொண்டிருக்கிறது.

உள்களத்தின் இயக்கத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். மட்டையாளர் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு, 90 அடி தொலைவில் உள்ள முதல் தளத்தை நோக்கி ஓடுகிறார். இரண்டாம் தளக் காவலரோ, மூன்றாம் தளக் காவலரோ, அவ்விருவருக்கும் இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்போ பந்தைத் தடுத்து முதல் தளத்துக்கு எறிகிறார். அங்கே நிற்பவர் ஒரு காலைத் தளத்தின் மீது ஊன்றியபடி உடலை நீட்டிப் பந்தை வாங்குகிறார். ஓடிவருபவர் தளத்தைத் தொடுமுன் பந்து கைக்கு வந்துவிட்டால் அவர் ஆட்டமிழந்தார். கிரிக்கெட்டில் தடுப்பாளர்களின் எறிதல்கள் பெரும்பாலும் விக்கெட் காப்பாளரைத் தேடி வருவதைப் போல, பேஸ்பால் உள்களத்தில் மற்ற மூவரின் உழைப்பும் முதல் தளக்காரரின் கையில்தான் முடிவடைகிறது.

1946 பருவத்தின் முடிவில் டாட்ஜர்ஸ் அணியும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியும் தலா 96 வெற்றிகளோடு சமநிலையில் நின்றன. முதலிடத்தை முடிவுசெய்ய நடந்த கூடுதல் ஆட்டங்களில் டாட்ஜர்ஸ் இரண்டிலும் தோற்றது. ஆகவே அடுத்த வசந்தத்தில் அதன் முன் இருந்தது சிறிய இடைவெளியை நிரப்பும் வேலை மட்டுமே. ஷார்ட்ஸ்டாப் இடத்தில் பீ வீ ரீஸ் இருந்தார். போர்க்காலத்தில் மூன்று பருவங்களைக் கடற்படையில் கழித்துவிட்டு 1946இல் திரும்பியவர். இரண்டாம் தளத்தில் எடி ஸ்டாங்கி. தவறான பந்துகளை அடிக்காமல் விட்டுவிட்டு இலவசமாக முதல் தளம் சேரும் பொறுமை அவருடைய பெருஞ்செல்வம். 1945இல் 148 முறையும் 1946இல் 137 முறையும் அவ்வாறு சேர்ந்தார். மட்டைச் சராசரியை மட்டும் பார்ப்பவர்களின் கண்ணுக்கு இந்த மதிப்பு தட்டுப்படாது. மூன்றாம் தளத்துக்கு, டாட்ஜர்ஸின் கிளை அணியான மான்ட்ரியால் ராயல்ஸிலிருந்து வந்த ஸ்பைடர் ஜார்கன்சன். குறை இருந்த இடம் முதல் தளம். எட் ஸ்டீவன்ஸ், ஹோவி ஷுல்ட்ஸ் ஆகிய இருவர் முந்தைய பருவத்தில் அதைப் பகிர்ந்துகொண்டிருந்தனர். இருவரில் ஒருவராலும் அதை முழுமையாகத் தமதாக்கிக்கொள்ள முடியவில்லை.

அந்த இடத்துக்கு அழைத்துவரப்பட்டவர் ஜாக்கி ராபின்சன். 1945இல் கறுப்பினத்தவரின் அணியான கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடினார். 1946இல் மான்ட்ரியாலில் இரண்டாம் தளத்தில் ஆடி, 0.349 என்ற சராசரியோடு அந்த லீகின் மட்டையாளர்களில் முதலிடம் பெற்றார். அதாவது நூறு வாய்ப்புகளில் ஏறத்தாழ 35 முறை அடித்துத் தளம் சேர்ந்தார். ஆனால் அவருக்குப் பழகிய இரண்டு இடங்களிலும் புரூக்ளினில் ரீஸும் ஸ்டாங்கியும் நிலைத்திருந்தனர். எனவே ஒருபோதும் தமக்கு உரியதாக இருந்திராத ஓர் இடத்தைச் சில வாரங்களில் அவர் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

தமிழ் எழுத்துமுறையை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். ‘கடல்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் ‘அகம்’ என்பதிலும் இருப்பது ஒரே ககரம்தான்; ஆனால் மொழிமுதலில் ஓர் ஒலி, மெல்லினத்தின் பின் ஓர் ஒலி, உயிர்களுக்கு இடையில் மற்றோர் ஒலி. அண்டையில் நிற்பவை எவை என்பதைப் பொறுத்தே அதன் ஒலி அமைகிறது. உள்களக்காரரின் மதிப்பும் அத்தகையதே. நான்கு பேரையும் தனித்தனியே தராசில் வைத்து எடைகளைக் கூட்டினால் உள்களத்தின் மதிப்பு கிடைத்துவிடாது. எறிபவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான உறவையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

1947இல் சிக்கலாக இருந்தது அந்த உறவுதான். 1884க்குப் பிறகு முதன்மை லீகுகளில் கறுப்பின வீரர் எவரும் ஆடியதில்லை. புளோரிடாவின் இனப்பிரிவினைச் சட்டங்களைத் தவிர்க்கவே அணியின் தலைவர் பிரான்ச் ரிக்கி அந்த ஆண்டு பயிற்சியைக் கியூபாவின் ஹவானாவுக்கு மாற்றினார். அங்கும் ராபின்சனும் மற்ற கறுப்பின வீரர்களும் வெள்ளையர்களிடமிருந்து பிரிந்து, வேறொரு விடுதியில்தான் தங்கவைக்கப்பட்டனர். ராபின்சனின் ஆட்டத்தை நேரில் கண்டால் டாட்ஜர்ஸ் வீரர்கள் தாங்களாகவே அவரைக் கேட்டு வருவார்கள் என்பது ரிக்கியின் எதிர்பார்ப்பு. முந்தைய ஆண்டு நூலிழையில் முதலிடத்தை இழந்தவர்கள் அல்லவா அவர்கள்! பயிற்சி ஆட்டங்களில் அவர் அவர்களுக்கு எதிராகவே சிறப்பாக ஆடினார். யாரும் கேட்டு வரவில்லை. மாறாக, அவரோடு ஆட மறுக்கும் விண்ணப்பம் ஒன்று சில வீரர்களிடையே உருவாயிற்று. கண்முன் இருக்கும் சான்று தானாகவே மதிப்பீடாக மாறிவிடும் என்று நம்புபவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று செல்வது நல்லது.

விண்ணப்பம் வெற்றி பெறவில்லை. அணி மேலாளர் லியோ டூரோஷர் பனாமாவில் நள்ளிரவில் வீரர்களை எழுப்பிக் கூட்டி, அதைக் கடுமையாகக் கண்டித்தார். தென்பகுதியான கென்டக்கியில் வளர்ந்த ரீஸ் அதில் கையெழுத்திட மறுத்தார். அந்த மறுப்பின் கனம் உள்களத்தின் அமைப்பை அறிந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். ஷார்ட்ஸ்டாப்பின் நீண்ட எறிதல் நாள்தோறும் சென்று சேர வேண்டிய இடம் முதல் தளம். அங்கே நிற்பவரை ஏற்க முடியாதவர் ஷார்ட்ஸ்டாப்பாகவும் இருக்க முடியாது.

ஏப்ரல் 9ஆம் நாள் டூரோஷர் அந்தப் பருவம் முழுவதற்கும் தடைசெய்யப்பட்டார். மறுநாள் ராபின்சனை டாட்ஜர்ஸ் அணியில் சேர்ப்பதாக அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 15ஆம் நாள் எபெட்ஸ் ஃபீல்டில், பாஸ்டன் பிரேவ்ஸுக்கு எதிராக அவர் முதல் தளத்தில் நின்றார். மூன்று வாய்ப்புகளில் ஒரு முறைகூட அடித்துத் தளம் சேரவில்லை. ஆனால் ஏழாம் சுற்றில் எதிரணியின் பிழையால் தளம் சேர்ந்து, வெற்றிக்கான ஓட்டத்தை எடுத்தார். டாட்ஜர்ஸ் 5-3 என்று வென்றது.

அதே ஆட்டத்தில் மூன்றாம் தளத்தில் இன்னொருவரும் முதன்மை லீகில் முதன்முறையாக அடியெடுத்து வைத்தார். ஜார்கன்சனும் மான்ட்ரியாலிலிருந்து வந்தவரே, புதியவரே, ராபின்சனைவிடச் சில மாதங்களே இளையவர். அவர் வெள்ளையர். அவரைப் பற்றிக் கேட்கப்பட்டவை ஆட்டக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மட்டுமே: அடிப்பாரா, பிடிப்பாரா, எறிவாரா. ராபின்சனிடம் அந்த மூன்றோடு வேறு சிலவும் கேட்கப்பட்டன: வசையைப் பொறுப்பாரா, திருப்பி அடிக்காமல் இருப்பாரா, தோற்றால் ஓர் இனமே தோற்றதாகக் கொள்ளப்படும் என்பதை அறிந்தும் ஆடுவாரா. ஒரே உள்களம், ஒரே நாள், இரண்டு புதியவர்கள், இரண்டு வினாத்தாள்கள். நேர்முகத் தேர்வு அறைகளின் இருபுறத்தையும் அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. இருவருக்கும் ஒரே பட்டியலில் மதிப்பெண் போடப்படுகிறது. கேள்விகள் மட்டும் ஒன்றாக இருப்பதில்லை.

அவருக்குக் கிடைத்த இடமோ மிகவும் வெளிப்பட்ட இடம். எதிரணியில் ஓடி வருபவர் ஒவ்வொருவரும் முதல் தளக்காரரின் காலை நோக்கியே வருகிறார். அவர்களின் காலணியில் கூர்முனைகள் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் கார்டினல்ஸ் வீரர் ஈனோஸ் ஸ்லாட்டரின் காலணி ராபின்சனின் காலை மிதித்தது. அது வேண்டுமென்று செய்ததன்று என்று ஸ்லாட்டர் மறுத்தார். ஏப்ரலில் பிலடெல்பியா அணியினர் வசைமாரி பொழிந்தபோது, தொடக்கத்தில் அவரை விரும்பாத ஸ்டாங்கிதான் அவர்களுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். இரண்டாம் தளத்திலிருந்து முதல் தளம் அருகில்தான். அங்கே விழுந்த ஒவ்வொரு சொல்லும் ஸ்டாங்கியின் காதிலும் விழுந்திருக்கும்.

ராபின்சன் அப்பருவத்தில் 151 ஆட்டங்கள் ஆடினார். எல்லாமே முதல் தளத்தில். சராசரி 0.297, திருடிய தளங்கள் 29. ஆண்டின் சிறந்த புதியவர் விருது. டாட்ஜர்ஸ் தன் லீகில் முதலிடம் பெற்றது. உலகத் தொடரில் யாங்கீஸிடம் 4-3 என்று தோற்றது. 1948 மார்ச்சில் ஸ்டாங்கி பாஸ்டனுக்கு மாற்றப்பட்டார். காலியான இரண்டாம் தளத்துக்கு, தமக்குப் பழகிய இடத்துக்கு, ராபின்சன் நகர்ந்தார். மறு ஆண்டு 0.342 சராசரியோடு லீகின் மிக மதிப்புமிக்க வீரரானார். அவருக்கு ஒரு பக்கம் ரீஸ் நின்றார். மறுபக்கம், முதல் தளத்தில், கில் ஹாட்ஜஸ் என்ற இளைஞர் அவருடைய எறிதல்களை வாங்கிக்கொண்டிருந்தார்.