கோலமில்லாத கோல்

சிக்காகோ நகரில் ஒரு மாலைப் பொழுது, நண்பர் ஒருவருடன் மதுச்சாலையொன்றினுள் நுழைந்தோம். குடிப்பதற்கன்று, பில்லியட் ஆடுவதற்கு! நாணயம் இட்டால் பந்துகளை விடுவிக்கும் 7 அடி மேசை அங்கே இருந்தது. எவரும் எடுத்தாடக்கூடிய பொதுக் கோல்கள் சுவரோரம் நின்றன.

எம் கையிலோ சிப்பி இழைத்த புதுக் கோல்! அதைக் கண்டதும் ஆடிக்கொண்டிருந்தோர் ஒதுங்கினர். பந்தயக்காரர் என்று எம்மை எண்ணினர் போலும்!

நண்பரின் கோல் பொதுக் கோலைப் போன்றே தோன்றியது. ஆயினும் நடுவே திருகிப் பிரிக்கலாம். வளையம் இல்லாமையால் பொருத்து எளிதில் புலப்படாது. 'ஸ்னீக்கி பீட்' என்பது அதன் பெயர். திறமையை மறைத்துப் பந்தயப் பணம் பறிப்போர் விரும்பிய கோல் அது.

"நீரும் ஏமாற்றுகிறீரோ?" என்றோம்.

"நான் பந்தயம் கட்டுவதில்லை. இதன்மேல் மது சிந்தினாலும் மனம் பதறாது. கள்வன் கண்ணும் படாது. கைக்குப் பழகிய கோல், அவ்வளவே!" என்றார்.

மறுநாள் நாமும் அத்தகைய கோலொன்றைத் தேடினோம். மேசைமீது உருட்டினோம், துள்ளாமல் உருண்டது. நிறை 19 அவுன்சு. நுனித்தோல் உறுதியாயிருந்தது. வாங்கிவிட்டோம்.

அன்றிரவு ஒருவர் எம்மை ஆட அழைத்தார். "இது எமது சொந்தக் கோல்" என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டே பந்துகளை அடுக்கினார்.

கோல் நேராயிருந்தால் மட்டும் போதுமா? பிடிப்பவரும் நேராயிருக்க வேண்டுமன்றோ!