எங்கள் கோப்பு எங்கே நிற்கிறது?

பிள்ளைகள் கடல் கடந்து பிழைக்கும் வீடுகள் இன்று நம் பங்குகளில் ஏராளம். அவ்வீடுகளில் முதுமையை எட்டிய பெற்றோர் முதன்முறையாகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதும் புதிதன்று. நாங்களிருவரும் அவ்வரிசையில் பிந்திச் சேர்ந்தவர்கள். தொடக்கப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்களுக்கு, வேளாங்கண்ணிக்கு அப்பால் நெடும்பயணம் வாய்த்ததில்லை. சிங்கப்பூரில் செவிலியாகப் பணிபுரியும் எங்கள் மகளுக்கு 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் முதற்பேறு என மருத்துவர் நாள் குறித்திருந்தார். “நீங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தால் போதும்” என்று அவள் தொலைபேசியில் சொன்ன ஒரு வார்த்தையே எங்களை இம்முயற்சியில் இறக்கிற்று.

அப்போது நாங்கள் திருச்சியில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். கண் அறுவைக்கென்று வந்தவர்கள் ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டோம். கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள எங்கள் சிற்றூர் வீடு பூட்டிக் கிடந்தது. விண்ணப்பத்தை மகனே கணினியில் நிரப்பினான். “ஆதாரில் உள்ள விலாசமே இருக்கட்டும்” என்று ஊர் விலாசத்தை எழுதினான். கைப்பேசி எண்ணுக்கு இரண்டு விண்ணப்பத்திலும் தன் எண்ணையே கொடுத்தான். கட்டணம் 1,500 ரூபாய். அறுபது வயதைக் கடந்தவர்க்குப் பத்து விழுக்காடு தள்ளுபடியாதலால் ஆளுக்கு 1,350 ரூபாயே ஆயிற்று. முதுமைக்கு அரசு தரும் இச்சிறு சலுகையில் நாங்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் சேவை மையம் சென்றோம். முதற்கூடத்தில் புகைப்படமும் கைரேகையும் எடுத்தனர். இரண்டாவதில் சான்றுகளைச் சரிபார்த்தனர். மூன்றாவதில் அதிகாரி ஒருவர் இரண்டொரு வினாக்களோடு அனுப்பி வைத்தார். அசல் சான்றுகள் கையோடு திரும்பின. தந்த சீட்டில் கோப்பு எண் என்று நீண்டதோர் எண் இருந்தது. அவ்வெண்ணையும் பிறந்த தேதியையும் இணையதளத்தில் கொடுத்தால் விண்ணப்பம் எந்நிலையில் உள்ளது எனத் தெரியும் என்றனர். ஒரே வீட்டார், ஒரே நாள், ஒரே விலாசம். ஆயினும் இருவருக்கும் தனித்தனி எண்.

1974-இல் எங்கள் மூத்த அண்ணன் குவைத் செல்ல விண்ணப்பித்தபோது, தமிழகத்தார்க்குச் சென்னை அலுவலகமே கதி. மாதங்கள் கடந்தும் ஒரு தகவலும் இல்லை. இரண்டு இன்லண்டு கடிதங்கள் எழுதிப் பார்த்து, பின்னர் இரவு ரயிலேறிச் சென்னை சென்று, கூட்டத்தில் நின்று, “விசாரணை அறிக்கை வரவில்லை” என்ற மூன்று சொற்களோடு திரும்பினார். இன்று அதே மூன்று சொற்களை வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடி அறியலாம் என்பது பெரிய மாற்றந்தான்.

ஆனால் அறிவது வேறு, அமைதி கொள்வது வேறு. காலைக் காப்பிக்கு முன் ஒரு முறை, இரவு செபம் முடிந்தபின் ஒரு முறை அவ்வெண்களை இட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று. போலீஸ் விசாரணை நிலுவையில் உள்ளது என்ற வரி மூன்று வாரம் அசையவில்லை. ஜூலையில் ஒரு நாள் வரி மாறிற்று. விசாரணை அறிக்கை தெளிவாக இல்லை, பாஸ்போர்ட் அலுவலகத்தின் பரிசீலனையில் உள்ளது என்றிருந்தது. நாங்கள் செய்த குற்றம் யாது? வாழ்நாளில் காவல் நிலையப் படி மிதித்தறியாதவர்கள் நாங்கள். அன்றிரவு இருவருக்கும் உறக்கமில்லை. கோப்பு எங்கே நிற்கிறது என்று அவ்வரி சொல்லிற்று. ஏன் நிற்கிறது என்று சொல்லவில்லை.

மறுவாரம் அலுவலகத்தின் விசாரணைப் பிரிவுக்கு நேரிற் சென்றோம். அங்கிருந்த அம்மையார் கணினியைப் பார்த்துவிட்டு, “ஐயா, கொடுத்த விலாசத்தில் நீங்கள் இருவரும் குடியில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது” என்றார். அது எங்கள் சொந்த வீடு, பத்திரம் இருக்கிறது, தலைமுறையாக வாழ்ந்த இடம் என்று அடுக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சொந்த ஊர் எது என்று அந்தக் கட்டம் கேட்கவில்லை, ஐயா. இன்று எங்கே குடியிருக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறது.”

அறிக்கை பொய்யன்று என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. திருச்சி விலாசத்துக்கு எங்கள் பெயரில் ஒரு சான்றும் இல்லை. எனவே ஊருக்கே திரும்பிக் குடியிருப்பதாகவும், மீண்டும் விசாரிக்குமாறும் எழுதிக் கொடுத்தோம். அன்று மாலையே மூட்டையைக் கட்டினோம். மகன் தடுத்தான், கேட்கவில்லை.

பூட்டிக் கிடந்த வீட்டைத் துப்புரவாக்கவே நான்கு நாளாயிற்று. காத்திருந்து காத்திருந்து, ஆகஸ்டு நடுவில் காவலர் ஒருவர் வந்தார். இளைஞர். மோர் கொடுத்தோம். “முன்பே வந்தேன், ஐயா. பூட்டியிருந்தது. நீங்கள் கொடுத்த எண்ணுக்கு இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை” என்றார். தெரியாத எண்ணென்று மகன் வேலை நேரத்தில் துண்டித்திருக்கிறான். அடுத்த வீட்டு அக்காவோ, “அவர்கள் திருச்சியோடு போய்விட்டார்கள், தம்பி” என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்தில் அவரவர் எண்ணைக் கொடுங்கள் என்று இப்போது கேட்பவர்க்கும் கேளாதவர்க்கும் சொல்லி வருகிறோம்.

ஆகஸ்டு 27 விடியற்காலையில் மருமகன் அழைத்தார். பெண் குழந்தை; நாளுக்கு முன்பே பிறந்துவிட்டது. பாஸ்போர்ட் வைத்திருந்த சம்பந்தியம்மாள் முந்தின வாரமே போய்ச் சேர்ந்திருந்தார். அவர் நல்லவர், எங்கள் மகளைத் தம் மகளாகவே தாங்கினார். ஆயினும் பேத்தியை முதலில் ஏந்திய கைகளைப் படத்தில் பார்த்தபோது, இறைவனுக்கு நன்றி சொன்ன அதே நாவினுள் ஒரு கசப்பும் இருந்தது. அதை அவரிடமும் மகளிடமும் மறைத்தோம். இங்கே மறைப்பானேன்?

செப்டம்பரில் இரு கோப்புகளும் பிரிந்தன. தாயின் பாஸ்போர்ட் ஸ்பீடு போஸ்டில் அனுப்பப்பட்டதாக ஒரு வரி, தபால் எண்ணோடு வந்தது. தந்தையினுடையது பரிசீலனையிலேயே நின்றது. ஒருவர் மட்டும் முதலில் போவதா என்று இரவெல்லாம் பேசினோம். பேத்தியைக் காணும் ஆவல் ஒரு பக்கம். திருச்சி விமான நிலையத்தைக்கூட உள்ளே சென்று பார்த்திராதவரைத் தனியே அனுப்பும் அச்சம் மறுபக்கம். முடிவு செய்ய இயலாமல் நான்கு நாள் கழிந்தது. ஐந்தாம் நாள் மற்றதும் புறப்பட்டுவிட்டதாக வரி மாறிற்று.

தபால்காரர் உரியவர் கையிலன்றித் தர மாட்டார். ஆதாரைப் பார்த்து, கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுத்தார். உறையைப் பிரித்ததும் புகைப்படத்தைக்கூடப் பாராமல் கடைசிப் பக்கத்தைத் திருப்பினோம். ஊர் விலாசம் பிழையின்றி அச்சாகியிருந்தது. சிங்கப்பூரில் ஒரு மாதம் இருந்து திரும்பியபின்னும் நாங்கள் இவ்வீட்டிலேதான் குடியிருக்கிறோம்.