மேட்டு லயம், மூன்றாம் காம்பிரா

யட்டியாந்தோட்டைக்கு மேலே விடியற்காலையிலிருந்து மழை. இறப்பர் மரங்களில் சிரட்டைகள் கவிழ்ந்திருக்கின்றன. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காது, மரத்தோடு வழிந்து வீணாகும். பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளுக்குச் செக்ரோலில் பேரும் இல்லை.

மூன்றாம் காம்பிராவில் தகரப் பெட்டி திறந்து கிடக்கிறது. பாய் நிறையக் காகிதம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, சாதாரண தரம், உயர்தரம். பெலிஹுல்ஓயாவில் உள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் விவசாயப் பட்டம். பட்டத்துக்கு மட்டும் பொலித்தீன் உறை.

மகள் பாயின் ஓரத்தில் குந்தியிருக்கிறாள். மடியில் ஒரு கடிதம். பிரான்சின் தெற்கே மொன்பெலியே நகரில் இரண்டு வருட முதுகலை. ஐஃபல் புலமைப்பரிசில், மாதம் 1,200 யூரோ. கடிதம் செல்பேசியில் வந்தது. டவுன் கொமியூனிகேஷன் கடையில் அச்சு எடுத்தாயிற்று. மூன்று பிரதிகள். நான்காவது, சாமிப் படத்துக்குப் பின்னால்.

சுவரில் 2025ஆம் ஆண்டுக் கலண்டர். அதன் ஓரத்தில் தகப்பனின் எழுத்தில் இரண்டு எண்கள். 615. 1,350. முதலாவது, சொந்தச் செலவில் படிக்கப் போகிறவர் தன்னிடம் மாதாமாதம் இருக்கும் என்று பிரெஞ்சு விசாவுக்குக் காட்ட வேண்டிய யூரோ. இரண்டாவது, 2024 செப்டெம்பரில் தீர்மானமான அடிப்படை நாட்சம்பளம், ரூபாயில். ஒரு மாதத்து யூரோவுக்கு ஏறக்குறைய 150 நாள் பேர் போட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு அவர் பெருக்கிப் பார்க்கவில்லை. புலமைப்பரிசில் கடிதம் வந்த அன்று இரண்டு எண்களையும் கோடு போட்டு அடித்திருக்கிறார். கோடு கலண்டர் தாளைக் கிழித்திருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில். அதில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்து கூடுதல். அவருடைய அடையாள அட்டையில் அந்த எழுத்து இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் பெயர் மூன்றாவது விதமாக இருக்கிறது. நாற்பது வருடமாக மூன்று பெயரிலும் ஒரே ஆள்தான் மரம் வெட்டுகிறார்.

மகள் செல்பேசியில் படிவத்தைத் திறக்கிறாள். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம். லயத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும் முன்னால் நிற்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி இருக்கிறது.

“அப்ப அங்க எல்லாரும் என் பேரச் சொல்லித்தான் உன்னையக் கூப்பிடுவாங்களா?”

“ஆமாப்பா.”

தகப்பன் வாசலுக்குப் போய் மழையைப் பார்க்கிறார். திரும்பி வருகிறார். “எந்த எழுத்தோட?”

அதற்காகத்தான் மறுநாள் டவுனுக்கு மூன்று பேர். சமாதான நீதவானின் முன்கூடம். பிளாஸ்டிக் கதிரைகள். மேசையில் ஊதா மைப்பெட்டி, இறப்பர் முத்திரை, தண்ணீர்க் கிளாசில் ஒரு மணி பிளாண்ட் கொடி. சத்தியக் கடதாசி எழுதப்படுகிறது: இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒருவரையே குறிக்கும். தகப்பன் கையெழுத்து. சாட்சிக்கு அவருடைய தாய், அப்பாயி.

அப்பாயி கேட்காமலே இடது பெருவிரலை நீட்டுகிறார். மையில் உருட்டுகிறார். தாளில் உருட்டுகிறார். அழுத்தவில்லை. அழுத்தினால் கோடு தெரியாது. விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொள்கிறார். பழகிய கை.

தகரப் பெட்டியின் அடியில் அந்தப் பழக்கத்தின் காரணம் கிடக்கிறது. தாத்தாவின் கடவுச்சீட்டு. மேலட்டையில் அசோகச் சின்னம். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள்: இந்திய வம்சாவளியினரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பிறகு பார்க்கலாம். தாத்தா இந்தியக் கணக்கில். முறை வந்து புறப்படுவதற்குள் 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. கடவுச்சீட்டின் பக்கங்களில் ஒரு முத்திரையும் இல்லை. 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அப்பாயி இன்னொரு தாளில் பெருவிரல் வைத்து இலங்கைக்காரியானார்.

பேத்தியின் புதிய கடவுச்சீட்டு இப்போது அதே பெட்டியில், அதே துணியில்.

தோட்டத்துக் கந்தோர் ஜன்னல். கம்பிக்கு இடையில் செருகிய கடிதங்கள். தபால் பை கந்தோருக்கு வரும். கந்தோரிலிருந்து கடிதம் காலைப் பெரட்டுக்கு வரும், அல்லது யாராவது டவுனுக்குப் போகும்வரை ஜன்னலில் இருக்கும். ஒரு நேர்முகக் கடிதம், தேதி முடிந்து ஏழு நாளாகியும் அங்கேயே இருக்கிறது. மேல் மூலை வெயிலில் மஞ்சளாகியிருக்கிறது.

படிவம் வீட்டு இலக்கத்தையும் வீதியின் பெயரையும் கேட்கிறது. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறப்பதில்லை. மகள் 3 என்று தட்டுகிறாள். வீதிக்கு லயத்தின் பெயர். பக்கம் திறக்கிறது.

அன்று பின்னேரம் தம்பி சுண்ணாம்புக் கட்டியோடு வருகிறான். கதவு நிலைக்கு மேலே 3 போடுகிறான். கிராம உத்தியோகத்தரின் சான்றிதழிலும் 3 இருக்க வேண்டும். பக்கத்துக் காம்பிராப் பெண் பார்க்கிறாள். “எங்களுக்கும் ஒண்ணு போடுடா.” இருட்டுவதற்குள் 1இலிருந்து 12வரை.

கொழும்புப் பயணம் விடியற்காலை பஸ்ஸில். அவிசாவளையில் ஒரு தேத்தண்ணி. பத்தரமுல்லை சுஹுருபாயவில் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு. கடுதாசித் துண்டில் வரிசை எண். சான்றிதழ்களும், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் முத்திரையிட்ட பிரதிகளும் ஒரே உறையில். தாய் உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருக்கிறார். மகள் கேட்டாலும் கொடுக்கவில்லை. கவுண்டரில் மட்டும் கொடுக்கிறார். திரும்பி வந்ததும் எண்ணுகிறார். ஐந்து போனது, ஐந்து வந்தது.

பிறகு கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸ். அலியான்ஸ் பிரான்சேஸ். பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் பரீட்சை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. நூற்றுக்கு 50 எடுத்தால் சித்தி. எந்த ஒன்றிலும் 5க்குக் குறையக் கூடாது. மகளின் பயிற்சியெல்லாம் பால் ஸ்டோருக்கு மேலேயுள்ள பாறையில் நடந்தது. அங்கேதான் சிக்னல் இரண்டு கோடு.

தாய் வெளியே மரத்தடியில் நிற்கிறார். காவலாளி கதிரை கொண்டுவந்து வைக்கிறார். சிங்களத்தில் கேட்கிறார். தாய் சிங்களத்தில் சொல்கிறார். பிளாஸ்கிலிருந்து ஒரு மூடித் தேத்தண்ணி அவருக்கும் போகிறது. உள்ளே பேச்சுப் பரீட்சையில் மகளிடம் தன் வீட்டை விவரிக்கச் சொல்கிறார்கள். விவரிக்கிறாள். குறித்த நேரத்துக்குள் வீடு முடிந்துவிடுகிறது. பரீட்சகர் இன்னும் கேட்கிறார். மகள் மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறாள்.

விடுதி உறுதியாகிறது. பிரெஞ்சு அரசு மாணவர் சேவையான குரூஸின் அறை. 9 சதுர மீட்டர். தம்பி அளவு நாடா இரவல் வாங்கி வருகிறான். காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, வெள்ளைக்காரன் காலத்து அளவு. 9 சதுர மீட்டரைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைகிறான். சுவருக்கும் கோட்டுக்கும் இடையில் இரண்டடி அகலம்கூட மிச்சமில்லை.

“இதுல எத்தன பேரு?” அப்பாயி கேட்கிறார்.

“நான் மட்டுந்தான் அப்பாயி.”

அப்பாயி கோட்டுக்குள் போய் உட்காருகிறார். காலை நீட்டுகிறார். மடக்குகிறார். “ஒத்த ஆளுக்கா?” காம்பிராவில் இப்போது ஐந்து பேர்.

இன்னொரு மழை நாள். தம்பி அக்காவின் பாடக் குறிப்பை வாசிக்கிறான். 1736இல் லா கொண்டமீன் என்ற பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவிலிருந்து இறப்பர் மாதிரியைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பினார். 1876இல் கன்றுகள் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைக்கு வந்தன. மொன்பெலியேயில் சிராட் என்ற நிறுவனம் இன்றும் இறப்பர் மரத்தை ஆராய்கிறது. தகப்பன் வெட்டுக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டே கேட்கிறார்.

“பட்டை எவ்வளவு கனத்துக்கு வெட்டணும்னு அவங்க எழுதியிருக்காங்களா?”

“அது தெரியலப்பா.”

“ஒண்ணரை மில்லிமீட்டருக்கு மேல போனா மரம் கெட்டுப்போகும். எழுதச் சொல்லு.”

மகள் குறிப்பின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறாள்.

சீட்டுக் காசு கைக்கு வருகிறது. உதவித்தொகை அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான். அதுவரை சாப்பாடும் அறையின் முற்பணமும் இந்தக் காசில். நுவரெலியா நடைபாதையில் பழைய கம்பளிச் சட்டைகள் இரண்டு. ஒன்றின் கழுத்துப் பட்டியில் யாரோ ஒருவரின் பெயர் தைத்திருக்கிறது. தாய் நூலைப் பிரித்து எடுக்கிறார்.

பெட்டி கட்டுகிறார்கள். மிளகாய்த் தூள், நெத்திலி, தேயிலை. தாய் கறிவேப்பிலையைக் கழுவி, காய வைத்து, பேப்பரில் சுற்றி நடுவில் வைக்கிறார். மகள் எடுக்கிறாள். பச்சை இலைக்கு ஐரோப்பாவுக்குள் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். தாய் மறுபடி வைக்கிறார். மகள் மறுபடி எடுக்கிறாள். மூன்றாம் முறை இலை அடுப்பு வாணலியில் வறுபட்டுத் தூளாகிறது. தூள் பெட்டிக்குள் போகிறது.

பெட்டியின் எடை, தோட்டத்தின் தேயிலைப் பக்கத்துக் கொழுந்து மடுவத்தில். கொக்கியில் சாக்குக்குப் பதில் நீலப் பெட்டி தொங்குகிறது. முள் ஆடி நிற்கிறது. 29.

“சாக்கு ஈரத்துக்கு எத்தன கிலோ கழிப்பீங்க?” வரிசையில் ஒருத்தி கேட்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நிறுக்கிறவரும் சிரிக்கிறார்.

ஆகஸ்ட் கடைசி. கட்டுநாயக்காவுக்கு வாடகை வேன். ஏறக்கூடியது பதினான்கு பேர், ஏறியது பத்தொன்பது.

அதற்குப் பிறகு செல்பேசித் திரை. திரையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். மகள் கமெராவைத் திருப்பிச் சுவரில் இருக்கும் கீறலைக் காட்டுகிறாள். சாவி வாங்கும்போதே இருந்த கீறல். தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். எழுதாவிட்டால் போகும்போது முற்பணத்தில் பிடிப்பார்கள். கதவில் இலக்கம். கீழே தபால் பெட்டியில் இலக்கமும் தகப்பன் பெயரும், கூடுதல் எழுத்து இல்லாமல்.

மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் பதிந்து உறுதிப்படுத்த வேண்டும். இரண்டாம் வாரத்திலேயே முடித்துவிட்டாள். வங்கி முகவரிச் சான்று கேட்கிறது. விடுதி ஒரு தாளில் கொடுக்கிறது. மருத்துவக் காப்புக்குப் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு, தாய் தகப்பன் பெயரோடு. யட்டியாந்தோட்டைச் சத்தியக் கடதாசி மொன்பெலியேயில் ஸ்கேன் ஆகிறது.

ஒரு சனிக்கிழமை பாரிஸ் போயிருக்கிறாள். லா சப்பலில் தமிழ்க் கடைகள். அரிசி வாங்கும்போது கடைக்காரர் கேட்டாராம். “எந்த இடம் பிள்ளை?” கேகாலை மாவட்டம் என்றாளாம். “கேகாலையில தமிழாக்கள் இருக்கினமோ?” அவர் நம்பாமல் பார்த்தாராம். அவள் லயத்தின் படத்தைக் காட்டினாளாம். பக்கத்துக் கடைக்காரரும் வந்து பார்த்தாராம். கதவுகளுக்கு மேலே 1இலிருந்து 12வரை.

தம்பி இதைக் கேட்டுப் பாறையிலிருந்து இறங்கி வருகிறான். காம்பிரா வாசலில் ஏழாம் காம்பிராப் பெண் நிற்கிறாள். இடுப்பில் நான்கு வயதுப் பிள்ளை. கையில் பிறப்புச் சான்றிதழ்.

“அக்கா, இதுல எங்க வீட்டுக்காரரு பேரு சரியா இருக்கான்னு பாருங்க.”

தாய் சான்றிதழை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறார். தம்பியைக் கூப்பிட்டுச் சிங்களத்தை வாசிக்கச் சொல்கிறார். அடையாள அட்டையை அடியில் வைத்து எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் பார்க்கிறார். நான்காவது எழுத்தில் விரல் நிற்கிறது.

“இத இப்பவே மாத்திடணும். பிரதேச செயலகத்துல பதிவாளருகிட்ட. புதன்கிழமை நான் வர்றேன். ஒரு பேரு போனாப் போகுது. மூணு கொப்பி எடுத்துக்க, மாமியாரையும் கூட்டிக்க.”

பிள்ளை கதவுக்கு மேலே உள்ள எண்ணைக் காட்டி என்ன என்று கேட்கிறது.